வேலிக்கு மேலே மூன்று பந்து

எங்கள் ஊர்க் கடற்கரையில் பொடியன்கள் ஆடிய கரப்பந்து எங்கெல்லாம் போய் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடலில் விழுந்திருக்கிறது. கருவாடு காயப்போட்ட பாய்களில் விழுந்திருக்கிறது. ஒருமுறை, அஸர் தொழுகைக்கு ஆட்கள் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்த நேரத்தில், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விழுந்து நாலைந்து பெரியவர்களின் சட்டையை நனைத்தது. அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பந்தை எடுத்துச் சாரத்தில் துடைத்து, நன்றாக ஆடச் சொல்லித் திருப்பி எறிந்தும் விட்டார். அரைக் காற்சட்டையோடு பொடியன்கள் துள்ளுவதைப் பார்க்க ஊரில் பாதிப்பேர் வந்து நிற்பார்கள். எத்தனை பந்து எங்கே போனது என்று ஒருவரும் எண்ணியதில்லை.

பெண்பிள்ளைகள் அடித்த பந்தைத்தான் எண்ணினார்கள். மூன்றுவரை எண்ணினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறவேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. உடற்கல்விப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்த எனக்கு, கல்முனைக்குப் பக்கத்தில் என் சொந்த ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வயது இருபத்தாறு. கலியாணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஊர் என்னென்ன கதைத்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் இந்தக் கதைக்கு இடம் மிஞ்சாது. நான் வருவதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி என்றால், பிள்ளைகள் வரிசையில் நின்று கையை முன்னே நீட்டிப் பக்கவாட்டில் விரித்துவிட்டு வகுப்புக்குப் போவது. வியர்க்கக்கூட நேரம் இராது. நான் போன முதல் மாதமே பின்புற வளவில் இரண்டு கமுகங் கம்புகளை நட்டு வலை கட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பள்ளிக்கூட அதிபர் மட்டும் வலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது எங்கே போய் முடியுமோ என்று தனக்குள் முணுமுணுத்தபடி போனார்.

எங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு நோன்போடுதான் வரும். அந்த வருடம் பெருநாள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்துபோக, பள்ளிக்கூடம் தொடங்கக் கையில் பதினெட்டு நாள் மிஞ்சியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் முகாம் நடத்துவது என்று முடிவெடுத்தேன். பதினான்கு பிள்ளைகள், காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். கடைசி நாள் கல்வித் திணைக்களக் கந்தோரிலிருந்து விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அம்மா ஒருவர் வந்து பார்த்து, மாவட்ட அணிக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம் பெண்பிள்ளை ஒருத்தி அந்த அணிக்குப் போனதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

முகாமென்றதும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்கள் நாலு பேர் அதிபரின் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு ஹாஜியார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்திருப்பேன். அவரோ எனக்கு முதலில் கதிரை போடச் சொன்னார், என் வாப்பாவின் சுகம் விசாரித்தார், தேத்தண்ணி வந்ததும் முதலில் எனக்குக் கொடுக்கச் சொன்னார். அதன்பிறகுதான் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினார்.

வளவைச் சுற்றி ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேலி. உள்ளே ஆண்வாடை இருக்கக்கூடாது. பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் பந்துக்கு வந்தார். பந்து வேலியைத் தாண்டி ஒழுங்கையில் விழுந்தால், அதை எடுக்க ஒரு குமர்ப்பிள்ளை வெளியே வரவேண்டும். இல்லையென்றால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆம்பிளை வேலிக்கு வரவேண்டும். இரண்டில் எது நடந்தாலும் ஊரில் கதை வரும் என்றார்.

"புள்ளையள் ஆட வேணாம் எண்டு நாங்க சொல்லல்ல ரீச்சர். பந்து வெளிய வரப்படா, அவ்வளவுதான். மனிசர்தானே, தவறும். மூணு பந்துமட்டும் பாப்பம். மூணாவது பந்து வெளிய வந்தா அண்டையோட முகாம் சரி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன். மூன்று என்பது தாராளம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. முன்கையால் ஒரு பந்தைத் தட்டினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று பயிற்சியில் இரண்டு வருடம் படித்தவள், பதினான்கு பழகாத பிள்ளைகளும் பதினெட்டு நாளும் மூன்றே மூன்று பந்தும் என்ற ஒப்பந்தத்துக்கு வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகு அதிபர் என் பக்கம் குனிந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அவருக்கு எல்லாம் எப்போதும் நல்லபடியாகத்தான் முடியும்.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கிடுகு கொண்டுவந்தது. சிலருடைய உம்மாமார் முகாமுக்கென்றே உட்கார்ந்து இழைத்துக் கொடுத்தார்கள். கம்பு நட வந்தவர் எங்கள் அணித்தலைவியின் வாப்பா. அவர் ஒரு மேசன். கூலி கேட்கவில்லை, தன் பிள்ளை நிற்கப்போகும் இடத்துக்கு வேலி என்று அவரே வந்து குழி தோண்டினார்.

அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது. நல்ல உயரம். வகுப்பில் எப்போதும் குனிந்தபடி இருப்பாள், உயரத்துக்கு யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. பந்து கையில் பட்டால் மட்டும் நிமிர்வாள். நான் பார்த்தவர்களில் நின்ற இடத்திலிருந்து அப்படிக் குதிக்கக்கூடிய பெண்பிள்ளை வேறில்லை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பெரிய ஆட்டக்காரிகள் என்று காட்டினார்களே, அவர்கள்கூட இரண்டடி ஓடி வந்துதான் குதிப்பார்கள். இவளுக்கு ஓட்டம் தேவையில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். மகள் பிறந்த அன்றைக்கே தகப்பன் கல்லும் மண்ணும் நினைக்கத் தொடங்கிவிடுவான். இந்த மேசன் ஊராருக்கெல்லாம் பகலில் வீடு கட்டிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் மகளுக்குத் தன் வளவிலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது. ஓடு வாங்கி வேலியோரம் அடுக்கியாயிற்று. வரிப்பத்தான்சேனைப் பக்கத்தில் வயல் செய்யும் ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையும் பேசியாயிற்று. கூரை ஏறினால் நிக்காஹ். கடைசிக் கம்பை நட்டு மண்ணை மிதித்துக்கொண்டே அவர் என்னிடம் தன் கணக்கைச் சொன்னார்.

"அணியில பேர் வந்தா கூரை ஓட்ட அடுத்த வருசப் போகத்துக்குப் பாப்பம் ரீச்சர். மாப்பிள ஊட்டாருக்கு நான் சமாதானம் சொல்லுவன். பேர் வராட்டி நான் என்ன செய்யிற? வாக்குக் குடுத்திட்டன்."

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் கிடைப்பதும் கிடைக்காததும் முகாமின் கடைசி நாளில் இருந்தது. கடைசி நாள் வருவது மூன்று பந்தில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். முதல் நாள் பந்தைக் கையில் வாங்கியவள், வலையைப் பார்க்கவில்லை. வேலியின் உச்சியைத்தான் பார்த்தாள்.

பந்து எண்ணுவதற்கு மோதினாரை நியமித்தார்கள். ஒழுங்கை மூலையில் வேப்பமரத்தின் கீழ் அவருக்கு ஒரு கதிரை. பாங்கு சொல்லும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருந்தார். நல்ல மனிதர், வயதானவர், பாதி நேரம் தூங்கிவிடுவார். ஆனால் பந்து மண்ணில் விழும் சத்தத்துக்கு மட்டும் எப்படியோ விழித்துவிடுவார்.

முதல் பந்து இரண்டாம் நாளே போனது. அது எங்கள் தவறுதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஒரு சின்னப் பிள்ளை பந்தைக் கண்டு பயந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். பந்து திரும்பி வர அரை மணித்தியாலம் எடுத்தது, ஏனென்றால் யார் கொண்டுவந்து கொடுப்பது என்று வெளியே முதலில் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு கிழவி கொண்டுவந்தார். அந்தப் பிள்ளை அன்று முழுவதும் அழுதாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேலிக்கு வெளியே பந்து வரக்கூடாது என்றார்களே தவிர, வேலிக்கு உள்ளே கண் வரக்கூடாது என்று ஒருவரும் நிபந்தனை போடவில்லை. காலையில் நாங்கள் வரும்போது கிடுகில் புதிது புதிதாக விரல் நுழையும் ஓட்டைகள் இருக்கும். பிள்ளைகள் தும்பு வைத்து அடைப்பார்கள். அடுத்த நாள் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். நான் அதிபரிடம் போய்ச் சொன்னேன். அது காகம் கொத்தியதாக இருக்கலாம் என்றார். எங்கள் ஊர்க் காகங்கள் சரியாக ஆம்பிளைகளின் கண் உயரத்தில் கொத்தின.

சத்தம் போடக்கூடாது என்பதும் லேசான நிபந்தனையல்ல. கரப்பந்தில் பந்து வரும்போது அது யாருக்கு என்று கூவவேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு பேர் மோதுவார்கள், அல்லது இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் தொடையில் ஒரு தட்டுத் தட்டிப் பந்தைக் கேட்கப் பழகினார்கள். பெருநாளுக்குப் பிறகு வரும் ஆறு நோன்பையும் பாதிப்பேர் பிடித்தார்கள். கச்சான் காற்று நெருப்பாக வீசும் அந்த மாதத்தில், உதடு வெடித்து, எச்சில் விழுங்காமல், வாய் திறக்காமல், தொடையில் தட்டித் தட்டி ஆடினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னால், நோன்பு ரீச்சர் என்று தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காவல் காக்க வெளியே ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது பந்தை எங்கள் பிள்ளைகள் யாரும் அடிக்கவில்லை. ஆறாம் நாள் பின்னேரம், தலைவி உயர்த்திக் கொடுத்த பந்து வலைக்கு நேர் மேலே போனது. அங்கேயே கீழே வந்திருக்கவேண்டும். கச்சான் ஒரு சுழற்றுச் சுழற்றி அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஒழுங்கையில் போட்டது. நான் ஹாஜியாரின் ஆலைக்கே போனேன். உமி பறக்கிற முற்றத்தில் நின்று, காற்றுச் செய்ததைப் பிள்ளைகளின் தலையில் போடலாமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காற்றை அனுப்புகிறவன் அல்லாஹ் என்றும், நாம் நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

மிச்சம் பன்னிரண்டு நாள். மிச்சம் ஒரு பந்து.

அன்றைக்கு நான் இருந்து யோசித்து ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பந்து உயரே போவதால்தானே வேலியைத் தாண்டுகிறது? உயரே போகாமலே ஆடிவிட்டால்? தலைக்கு மேலே வரும் பந்தைத் தொடாதே. தொட்டால் அது இன்னும் உயரும். உயர்ந்தால் காற்றின் கையில். விட்டுவிடு. புள்ளி போனால் போகட்டும், புள்ளியைவிடப் பந்து பெரிது. இதுதான் நான் செய்த சட்டம். கரப்பந்து என்பதே பந்தை உயர்த்தி ஆடும் ஆட்டம். உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு எம்பு, எட்டு, கையை மேலே போடு என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். நான் பதினான்கு பிள்ளைகளுக்கும் கையைக் கீழே போடப் பழக்கினேன்.

மற்றவர்கள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். தலைவிக்குத்தான் ஏலாமல் இருந்தது. உயரத்தில் ஒரு பந்தைக் கண்டால் அவள் யோசிப்பதற்கு முன்பே கால் மண்ணைவிட்டு எழும்பிவிடும். நான் ஏசினேன். எத்தனை தரம் சொல்வது என்று எல்லோர் முன்னும் கேட்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, அவள் தலைக்கு மேலே திரும்பத் திரும்பப் பந்தை எறிந்தேன். முதலில் தோள் துடித்தது. பிறகு முழங்கால் மட்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. நாலாம் நாள் ஒன்றும் அசையவில்லை. பந்து மேலே போவதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பிள்ளை என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

மறைக்காமல் சொன்னால், அந்தத் தட்டையான ஆட்டம் பார்க்க அழகாகவும் இருந்தது. பந்து வலையின் விளிம்பைத் தொட்டுத் தொடாமல் விசையாகப் போய் விழும். பத்தாம் நாளுக்குப் பிறகு ஒரு பந்தும் வேலியின் பாதி உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. மோதினார் வெளியே நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

பதினான்காம் நாள் எங்களோடு ஆட ஓர் அணியை அழைத்திருந்தேன். காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகள். அவர்களுடைய ரீச்சர் என்னோடு பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர். பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் கிடுகு வேலிக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னடி இது கிணற்றுக்குள் ஆடுற மாதிரி என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பந்துக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முதல் சுற்றுக்கு நான் நடுவர். வந்த பிள்ளைகளுக்கு எங்கள் தட்டைப் பந்து பிடிபடவே இல்லை. அது வந்து விழுந்த பிறகுதான் குனிந்தார்கள். அந்தச் சுற்றை நாங்கள் வென்றோம். எங்கள் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றுக்கு என் தோழி நடுவராக நின்றார். அவர்கள் பழகிக்கொண்டு உயர உயர ஆடத் தொடங்கினார்கள். நாங்கள் உயரப் பந்துகளை எல்லாம் விட்டுக்கொண்டே இருந்தோம். அவை கோட்டுக்கு உள்ளே விழுந்தன. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று வந்தது.

அப்போது அவர்களுடைய நெட்டைப் பிள்ளை சேர்விஸ் போட்டாள். பதற்றத்தில் முழுப் பலத்தையும் போட்டு அடித்துவிட்டாள். பந்து நீளமாக, உயரமாக வந்தது. எங்கள் தலைவி பின்கோட்டில் நின்றாள். பந்தைப் பார்த்தபடியே மூன்றடி பின்னால் போய், முதுகு வேலியில் பட நின்றாள். அண்ணாந்தாள். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி இருந்தன. பந்து அவளுக்கு மேலே, உச்சிக் கிடுகை உரசிக்கொண்டு வெளியே போனது.

ஆட்டத்தின் சட்டப்படி அது எங்களுக்கு நல்லது. அவர்கள் வெளியே அடித்துவிட்டார்கள், இனிச் சேர்விஸ் எங்களுடையது. என் தோழி பழக்க தோஷத்தில் எங்கள் பக்கம் கையையும் காட்டிவிட்டார். அப்படிக் காட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வெளியே பந்து மண்ணில் விழும் சத்தம் கேட்டது. கதிரை கிறீச்சிட்டது.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒழுங்கைக்கே ஓடினேன். மோதினார் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒழுங்கையில் வேறு ஒரு குருவியும் இல்லை. தந்துவிடுங்கள், யாரும் பார்க்கவில்லை என்று கெஞ்சினேன். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஏலா மகள். எனக்கிட்ட அமானிதமா நம்பித் தந்த வேல இது."

அஸருக்குப் பிறகு நம்பிக்கையாளர்கள் நாலு பேரும் வந்தார்கள். விருந்தாளிப் பிள்ளைகள் இன்னும் போகவில்லை. பந்தை அடித்த பிள்ளை ஒரு மூலையில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் அடித்த பந்துக்கு உங்கள் பிள்ளைகளை ஏன் தண்டிக்கிறார்கள் என்று என் தோழி கேட்டார். நான் ஹாஜியாருக்கு நேரே நின்று கதைத்தேன். அன்று என் குரல் வேலிக்கு வெளியே நன்றாகவே கேட்டிருக்கும். அடித்தது எங்கள் பிள்ளை அல்ல என்றேன். எங்கள் பிள்ளைகள் எட்டு நாளாக ஒரு பந்தையும் வெளியே விடவில்லை என்றேன். அந்தப் பந்து யாருடைய கைக்கும் எட்டாத பந்து, மனிசராய்ப் பிறந்த யாராலும் அதைத் தடுத்திருக்க முடியாது என்றேன். சாட்சிக்குத் தலைவியைக் கூப்பிட்டு, எட்டுமா புள்ள உனக்கு என்று கேட்டேன். அவள் குனிந்து நின்று இல்லையென்று தலையாட்டினாள்.

"எட்டினா என்ன, எட்டாட்டி என்ன ரீச்சர். மூணெண்டா மூணுதான்" என்றார் ஹாஜியார், மிகவும் மரியாதையாக.

அதிபர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். விருந்தாளிகள் பதின்மூன்றுக்குப் பதின்மூன்றோடு பஸ் ஏறினார்கள். அந்தச் சுற்று இன்னும் முடியவில்லை.

அடுத்த நாளே கல்முனைக்குப் போய்க் கல்விக் கந்தோரில் நின்றேன். முகாம் நின்றாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரேயொரு பின்னேரம் வந்து பாருங்கள், ஒருத்தி குதிப்பதை மட்டும் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். முகாமில் கலந்துகொண்டவர்களிலிருந்து தெரிவு என்றுதான் அதில் இருக்கிறதாம். முகாம் இல்லையென்றால் கலந்துகொண்டவர்கள் எங்கே என்று கேட்டார். வேலிக்குள்ளே ஒரு சட்டம், கந்தோருக்குள்ளே ஒரு சட்டம். எந்தச் சட்டத்திலும் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், ஏன் அழுகிறீர்கள், யாரும் மௌத்தா என்று கேட்டார்.

வேலியைப் பிரித்தார்கள். மேசன் வந்து தான் நட்ட கம்புகளைத் தானே பிடுங்கினார். தான் சொன்ன சொல்லை மீறவில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். மீறவில்லைதான். அடுத்த கிழமையே ஓடு ஏறத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அந்த வளவைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒவ்வொரு நாளும் கூரையில் சிவப்பு ஒரு முழம் கூடியிருந்தது. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் எல்லோரையும் கோபித்தேன். நாலு நம்பிக்கையாளர்களையும், கோப்பையும், காகம் என்று சொன்ன அதிபரையும் வைத்து மனதுக்குள் நாளொன்றுக்கு ஐந்தாறு தரம் வழக்கு நடத்தினேன். ஒவ்வொரு வழக்கிலும் என்னுடைய பெரிய சாட்சி, அது எட்டாத பந்து என்பதுதான்.

கலியாணம் ஒரு பகல் நேரத்தில் நடந்தது. போகாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஆள்விட்டுக் கேட்டதால் போனேன். பெண்களுக்குப் புது வீட்டின் பின்புறத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் வேலிக் கிடுகுகள். பிள்ளைகள் தும்பு வைத்து அடைத்த ஓட்டைகள்கூட அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, கழுத்து நிறையத் தங்கமும் கை நிறைய மருதோண்டியுமாக அவள் கதிரையில் இருத்தப்பட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடப் பழக்கம்.

வீடு நன்றாக இருக்கிறது என்றேன். அவள் என் காதருகே குனிந்தாள்.

"ரீச்சர், ஒங்கள அண்டைக்கி நான் பொய்யாக்கிட்டன். அந்தப் பந்து எனக்கு எட்டும். எம்பியிருந்தா உள்ளுக்கத் தட்டி உட்டிரிப்பன்."

பிறகு ஏன் விட்டாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கே விடை தெரியும்.

"நீங்கதானே கையக் கீழ போடச் சொன்ன."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. பாடத்தை ஒப்புவிக்கிற குரல். ஊரெல்லாம் தேடித் தேடி நான் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலியை அவர்கள் வளவைச் சுற்றித்தான் போட்டார்கள். நான் அதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் தோள்மூட்டில் கட்டியிருக்கிறேன். என் கோபம் அன்றைக்கும் குறையவில்லை. அதில் பாதி என் பக்கம் திரும்பியது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

அந்தப் பந்து எவ்வளவு உயரத்தில் போனது என்று மெதுவாகக் கேட்டேன். அவள் யோசிக்கவில்லை. வலக்கையை நேராக மேலே தூக்கினாள். வளையல்கள் சரசரவென்று முழங்கைக்கு இறங்கின. குதியை உயர்த்தி, மருதோண்டி சிவந்த உள்ளங்கையைப் பந்தல் கிடுகில் அழுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆடுகளத்தில் மட்டும்தான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன்.

"கையக் கீழ போடு மகள், சனம் பாக்கிது" என்றார் அவளுடைய உம்மா.

நான் பழக்கியிருந்தபடியே, உடனே போட்டாள்.